ரெண்டா வெட்டி நட்டாத்தான் பூக்கும்! - ஐரிஸ் தோட்டக்காரர் மோனேவின் கதை

நாலஞ்சு வருஷம் கண்டுக்காம விட்டா, எவ்வளவு அழகான ஐரிஸ் செடியும் பூக்கிறதைக் குறைச்சிடும். உரம் போட்டாலும் சரி, தண்ணி ஊத்தினாலும் சரி, இலை மட்டும் பச்சைப்பசேல்னு நிக்கும். அந்தக் கொத்தை மண்ணோட பெயர்த்து எடுத்து, கத்தியால வெட்டிப் பிரிச்சு, வேற வேற இடத்துல நட்டாத்தான் மறுபடியும் பூவைப் பார்க்க முடியும்.

இந்த வேலையை ஒவ்வொரு கோடையிலும் தன் தோட்டத்தில் எதிர்பார்த்த ஒருவர் இருந்தார். அவரை உலகத்துக்கு ஓவியராகத்தான் தெரியும். உங்க போன் வால்பேப்பரில்கூட அவருடைய அல்லிக்குளம் ஒருநாள் வந்து போயிருக்கலாம். அவர் க்ளோட் மோனே. ஃபிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில் 43 வருஷம் தோட்டம் போட்டவர். ஓவியர் மோனேவைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. தோட்டக்காரர் மோனேவைப் பார்ப்போமா?

கடனும் கல்லறையும்

மோனே பிறந்தது 1840 நவம்பர் 14, பாரிஸில். வளர்ந்தது லு ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில். பள்ளி நோட்டில் வாத்தியார்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து தள்ளிய பையன். 'டீன் ஏஜ்'லேயே அந்தக் கேலிச்சித்திரங்களைக் காசுக்கு விற்றார். யூஜின் பூதான் என்ற ஓவியர்தான் அவரை வெளியே இழுத்துப்போய், வெட்டவெளியில் உட்கார்ந்து வரையப் பழக்கினார். வெளிச்சம் மாறுவதைக் கவனிக்கிற கண் அங்கேதான் உருவானது.

1874-ல் மோனேவும் நண்பர்களும் சேர்ந்து பாரிஸில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். லு ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிக்கிற மோனேவின் படத்தைப் பார்த்த ஒரு விமர்சகர், அதன் தலைப்பிலிருந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கிண்டலடித்தார். அந்தக் கிண்டலே 'இம்ப்ரஷனிசம்' என்று ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெயர் கிடைத்ததே தவிர காசு வரவில்லை. வாடகை பாக்கி, கடன், நண்பர்களுக்குக் கெஞ்சல் கடிதம். இதுதான் அந்த வருடங்களின் மோனே.

1879 செப்டம்பரில் அவர் மனைவி கமில், வெத்தேய் என்ற கிராமத்தில் இறந்துபோனார். வயது 32. மூத்தவன் ழானுக்கு 12 வயது, சின்னவன் மிஷெலுக்கு ஒன்றரை. அடகுக் கடையில் இருந்த கமிலின் பதக்கத்தை மீட்டுக்கொடுக்கச் சொல்லி மோனே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். புதைப்பதற்கு முன் அதை மனைவியின் கழுத்தில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் காரணம். அந்த வீட்டின் நிலைமையைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அதே வீட்டில் இன்னொரு குடும்பமும் இருந்தது. மோனேவின் படங்களை வாங்கிக்கொண்டிருந்த துணி வியாபாரி எர்னெஸ்ட் ஓஷ்டே 1877-ல் திவாலானார். அவர் மனைவி அலீஸும் 6 குழந்தைகளும் மோனே குடும்பத்தோடு சேர்ந்து குடியிருந்தார்கள். கமிலுக்குப் பிறகு அந்த 8 குழந்தைகளையும் வளர்த்தது அலீஸ்தான். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இடம் மாறி இடம் மாறி, 1883 ஏப்ரல் கடைசியில் எல்லோரும் ஜிவெர்னிக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாடகை வீட்டில் தோட்டம்

செய்ன் நதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். இளஞ்சிவப்புப் பூச்சு பூசிய நீளமான வீடு. முன்னால் சுமார் ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். அதில் ஆப்பிள் மரங்களும் காய்கறிப் பாத்திகளும். இங்கே குடியேறுவதற்கே அவருடைய ஓவியங்களை விற்றுக்கொடுத்த வியாபாரி துரான் ருவேலிடம் மோனே பணம் கேட்கவேண்டி இருந்தது.

வந்ததுமே மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். காரணம் ரொம்ப எளிமையானது. மழை பெய்தால் வெளியே போய் வரைய முடியாது. அந்த நாளில் வீட்டுக்குள் வைத்து வரைய பூ வேண்டும். முதல் சில வருடங்கள் கூலிக்கு ஆள் கிடையாது. மோனே தோண்டினார், பிள்ளைகள் களை பிடுங்கினார்கள், சாயங்காலம் ஆனால் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

வாடகை வீட்டில் யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களா? மெனக்கெட்டார். நிலம் தனக்குச் சொந்தமில்லாத 7 வருஷமும் நட்டுக்கொண்டேதான் இருந்தார். படங்கள் நல்ல விலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, 1890-ல் 22,000 ஃபிராங்க் விலைபேசி அந்த வீட்டையும் நிலத்தையும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 50.

திங்கட்கிழமை தவறாம வந்துடு!

தோட்டத்தில் அவருக்குப் பிடித்த செடிகள் பல. அதில் ஐரிஸுக்குத் தனி இடம். பாதைகளின் இரண்டு ஓரமும் வரிசையாக நட்டிருந்தார். ஊதா, வெளிர் ஊதா, நீலம். மே மாதம் வந்தால் பாதையே ஊதா ஆறு மாதிரி ஓடும்.

அவருடைய நண்பர் குஸ்தாவ் கய்போத்தும் ஓவியர்தான், அவரும் செடிப் பைத்தியம்தான். இரண்டு பேரும் கடிதத்தில் படங்களைவிட செடிகளைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டார்களோ என்று தோன்றும். ஒருமுறை மோனே அவருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: சொன்னபடி திங்கட்கிழமை கட்டாயம் வா, அன்றைக்கு என் ஐரிஸ் எல்லாம் பூத்திருக்கும், தள்ளிப்போட்டால் வாடிவிடும்.

அந்த அவசரம் சும்மா இல்லை. ஒரு ஐரிஸ் பூவின் ஆயுள் சில நாள்தான். ஒரு கொத்து மொத்தமாகப் பூத்து முடிக்க இரண்டு, மூன்று வாரம். நண்பனைப் பார்க்கும் வாய்ப்புக்கும் அப்படி ஓர் ஆயுள்தான் இருந்தது. கய்போத் 1894-ல், 45 வயதிலேயே இறந்துபோனார்.

இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு

அந்தப் பாதையோர ஐரிஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மோனேவின் தோட்டத்துக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது புரியும்.

அங்கே பாதையோரம் இருந்தது தாடி ஐரிஸ் வகை. கீழ்நோக்கித் தொங்கும் இதழ்களில் மெல்லிய தாடி மாதிரி மயிர்க்கற்றை இருப்பதால் அந்தப் பெயர். மண்ணுக்கு அடியில் அதற்கு இருப்பது இஞ்சி மாதிரி படுக்கைவாட்டில் ஓடுகிற ஒரு கிழங்கு. ஒரு கிழங்கு வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அதன் பக்கவாட்டில் குட்டிக் கிழங்குகள் கிளம்பும். அடுத்தடுத்த வருஷங்களில் பூப்பது அந்தக் குட்டிகள்தான்.

இப்படியே மூணு, நாலு வருஷம் போனால் என்ன ஆகும்? நடுவில் பூத்து ஓய்ந்த பழைய கிழங்குகள் கட்டையாகக் கிடக்கும். சுற்றிலும் புதுசுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிசலில் தவிக்கும். வெயில் படாது, காற்று போகாது, மண்ணில் சத்தும் மிச்சமிருக்காது. பூ குறையும், அழுகல் நோய் எட்டிப்பார்க்கும்.

அதனால்தான் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பூ முடிந்து ஆறு வாரம் போல விட்டு, ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் செய்வது வழக்கம். அந்த நேரத்தில் செடி கொஞ்சம் ஓய்வில் இருக்கும். அடுத்த ரவுண்டு வேர் விடத் தயாராகவும் இருக்கும்.

முள் மண்வெட்டியைக் கொத்துக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கி, மொத்தமாக நெம்பி எடுக்கணும். மண்ணை உதறிப் பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று தெரிந்துவிடும். கல் மாதிரி கெட்டியாக, கூடவே ஒரு விசிறி இலையும் நல்ல வேரும் இருக்கிற குட்டிகளை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கிற வத்தலான கிழங்குகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அமுக்கினால் கொழகொழவென்று நாற்றம் வருகிற கிழங்கு என்றால், அழுகின பகுதியை முழுசாக வெட்டி எறியணும். கத்தியையும் சுத்தம் செய்யணும். இல்லைன்னா அடுத்த கிழங்குக்கும் ஒட்டிக்கும்.

அப்புறம் இலையை ஒரு சாண் நீளத்துக்குக் கத்தரிக்க வேண்டும். வேர் பிடிக்கும்வரை நீளமான இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க அதனால் முடியாது, காற்றிலும் சாயும்.

நடும்போதுதான் நிறைய பேர் சொதப்புவாங்க. குழியின் நடுவில் மண்ணைச் சின்ன மேடாகக் குவித்து, குதிரைமேல் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி கிழங்கை மேலே வைத்து, வேரை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு மண் போடணும். கிழங்கின் முதுகு மண்ணுக்கு வெளியே தெரியணும். அந்த முதுகில் வெயில் பட்டால்தான் அடுத்த வருஷப் பூ உறுதி. ஆழத்தில் புதைத்தால் இலைதான் மிஞ்சும். ஒன்றுக்கொன்று ஓர் அடிக்குமேல் இடைவெளி விட்டு, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டால் போதும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கணும்.

இதை ஒரு தொட்டிக்குச் செய்வது அரைமணி நேர வேலை. தோட்டம் முழுக்கப் பாதையோரத்துக்குச் செய்வது? அதுவும் நட்ட முதல் வருஷம் பூ குறைவாகத்தான் வரும். அதனால் எல்லாவற்றையும் ஒரே கோடையில் பெயர்க்கவும் கூடாது. ஒரு பகுதி இந்த வருஷம், இன்னொரு பகுதி அடுத்த வருஷம் என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் எந்த மே மாதமும் பாதை வெறிச்சோடாது. ஒரு மனிதரால் ஆகிற காரியமா இது?

முதலாளி மோனே

1890-களில் மோனே ஃபெலிக்ஸ் ப்ரய் என்பவரைத் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டார். அவருக்குக் கீழே 5 பேர். மோனே வரைவதற்காக வெளியூர் போகும்போதெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போவார். எதை எத்தனை தொட்டியில் விதைக்கணும், எந்தத் தேதிக்குள் டாலியா கிழங்கை எழுப்பணும், ஜப்பானிலிருந்து பியோனி வந்தால் உடனே எப்படி நடணும் என்று ஒரு நீண்ட பட்டியல். ஓவியத்தில் வண்ணத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிற அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்தது.

1892-ல் அலீஸை முறைப்படி திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம், வீட்டுக்கு எதிரே ரயில் பாதையைத் தாண்டி இருந்த சதுப்பு நிலத்தை வாங்கினார். அருகில் ஓடிய வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பி ஒரு குளம் வெட்டுவது திட்டம். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆள் கொண்டுவருகிற வெளிநாட்டுச் செடி தண்ணீரை விஷமாக்கிவிட்டால் மாடு கன்று என்ன ஆகும் என்பது அவர்கள் பயம். மோனேவுக்குக் கோபம் தலைக்கேறியது. மாவட்ட நிர்வாகத்துக்கு மனு மேல் மனு போட்டு, 1893 ஜூலையில் அனுமதி வாங்கினார். இன்று உலகமே வந்து பார்க்கிற அல்லிக்குளம் அப்படி வந்ததுதான்.

குளக்கரையிலும் ஐரிஸ் வைத்தார். ஆனால் அது வேற ஐரிஸ். மோனேவின் வீட்டுச் சுவர்களில் 200-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சு ஓவியங்கள் இருந்தன. ஜப்பானிய ஓவியர்களுக்குத் தண்ணீர் ஓர ஐரிஸ் என்றால் உயிர். அந்த ஜப்பான் வகைக்குத் தாடி கிடையாது, பூ அகலமாகத் தட்டுபோல விரியும். குணமும் நேரெதிர். பாதையோர வகைக்கு முதுகு காயணும். இதற்கு வளரும் காலத்தில் மண் ஈரமாகவே இருக்கணும், கிழங்கும் மண்ணுக்குள் இரண்டு விரற்கடையாவது ஆழத்தில் இருக்கணும். பிரிக்கும்போது வேர் ஒரு நிமிஷம்கூடக் காயவிடக் கூடாது. ஒரே பெயர் உள்ள இரண்டு செடிக்கு இரண்டு விதமான கவனிப்பு. இது தெரியாம ஒரே மாதிரி நட்டால் ஒன்று அழுகும், இன்னொன்று கருகும்.

1900-ல் மோனே தன் ஐரிஸ் பாத்திகளையே ஒரு படமாக வரைந்தார். மரங்களுக்குக் கீழே ஊதா வரிசைகள், இலைகளுக்கு நடுவே விழும் வெளிச்சம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். அதில் தெரிகிற அந்த நேரான, நெரிசல் இல்லாத வரிசைகளைக் கவனியுங்க. யாரோ குனிந்து பிரித்து நட்ட வரிசைகள் அவை.

இருட்டிய வருடங்கள்

1910-ல் செய்ன் நதி வெள்ளம். குளமும் தோட்டத்தின் ஒரு பகுதியும் தண்ணீருக்குள் போயின. 1911 மே மாதம் அலீஸ் இறந்தார். 1912-ல் கண்ணில் புரை என்று மருத்துவர் சொன்னார். 1914-ல் மூத்த மகன் ழான் இறந்தான். அதே வருஷம் உலகப்போர் மூண்டது, இளைய மகன் மிஷெல் போர்முனைக்குப் போனான்.

வண்ணத்தை வைத்து வாழ்கிற மனிதருக்குக் கண் மங்குவது எப்படி இருந்திருக்கும்? புரை வளர வளர நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கும். அவர் வாழ்நாள் முழுக்க நட்டு வைத்த ஐரிஸின் நிறங்கள் அவை. வண்ண ட்யூபின் லேபிளைப் படித்தும், தட்டில் எது எங்கே இருக்கிறது என்ற வரிசையை நினைவில் வைத்தும் வேலை செய்தார்.

அப்போது வீட்டுக்குத் திரும்பி வந்தவர் பிளான்ஷ். அலீஸின் மகள், ழானின் மனைவி, அதாவது மோனேவுக்கு வளர்ப்பு மகளும் மருமகளும் அவரே. அவரும் ஓவியர். இளம் வயதில் அதே தோட்டத்தில் வளர்ந்தவர். வீட்டையும் மோனேவையும் அவர் பார்த்துக்கொள்ள, எழுபது வயதைத் தாண்டிய மோனே பெரிய பெரிய கேன்வாஸ்களில் வேலையைத் தொடங்கினார்.

அல்லிகளோடு ஐரிஸும் அப்போது திரும்ப வந்தது. ஐரிஸ் நடுவே போகும் பாதையை 2 மீட்டர் உயரக் கேன்வாஸில் வரைந்தார். 1900-ம் வருஷப் படத்தில் எண்ணக்கூடிய மாதிரி இருந்த பூக்கள், இதில் வெறும் வண்ண வீச்சாகக் கரைந்து நிற்கின்றன. கண் தெளிவாக இல்லாத ஒருவர், பாதை எங்கே போகிறது என்று காலுக்குத் தெரிந்ததை வரைந்த மாதிரி இருக்கும்.

1918-ல் போர் முடிந்த மறுநாளே, முன்னாள் பத்திரிகையாளரும் அப்போதைய பிரதமருமான நண்பர் கிளமான்சோவுக்குக் கடிதம் எழுதி, தன் ஓவியங்களை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு ரொம்பப் பயந்தவரை அதற்கு ஒத்துக்கொள்ள வைத்ததிலும் கிளமான்சோவுக்குப் பங்கு உண்டு. 1923-ல் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. 1926 டிசம்பர் 5 அன்று, 86 வயதில் மோனே இறந்தார். நாட்டுக்குக் கொடுத்த அல்லி ஓவியங்கள் அடுத்த வருஷம் பாரிஸின் ஒரான்ஜெரியில் மக்கள் பார்வைக்கு வந்தன.

தோட்டம் என்ன ஆச்சு?

சட்டப்படி சொத்து மிஷெலுக்கு. ஆனால் அவர் அங்கே வாழவில்லை. பிளான்ஷ்தான் பார்த்துக்கொண்டார். 1947-ல் அவரும் போன பிறகு, பிரித்து நடவோ களை பிடுங்கவோ போதிய கைகள் இல்லை. செடிகள் ஒன்றையொன்று அமுக்கின. குளக்கரையை எலிகள் குடைந்தன, பாலம் உளுத்தது. மோனேவின் பெரிய ஸ்டூடியோவுக்குள் மரங்களே முளைத்துவிட்டன. 1966-ல் மிஷெல் கார் விபத்தில் இறந்தபோது, எல்லாம் ஃபிரான்ஸின் நுண்கலை அகாடமிக்குப் போனது.

1977-ல், வெர்சாய் அரண்மனையைப் புதுப்பித்த ஜெரால்ட் வான் டெர் கெம்ப் இந்தப் பொறுப்பை ஏற்றார். பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து திரட்டப்பட்டது. தலைமைத் தோட்டக்காரர் ஜில்பேர் வாஹே குளத்தை மறுபடி தோண்டவைத்து, பாத்திகளைத் திரும்பப் போட்டு, ஐரிஸை மீண்டும் ஓரங்களுக்குக் கொண்டுவந்தார். 1980-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஓவியத்தைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் நூறு வருஷம் இருக்கும். தோட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. இப்போதும் மே மாதம் ஜிவெர்னிக்குப் போகிறவர்கள் ஐரிஸ் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். கூட்டம் குறைந்த பிறகு, யாரோ ஒரு தோட்டக்காரர் முள் மண்வெட்டியோடு அந்த வரிசைக்கு வருவார். பழசை எறிந்து, புதுசை வெட்டி, முதுகு வெயிலில் தெரியும்படி நட்டுவிட்டுப் போவார். அடுத்த மே மாதத்துக்கான பூ அந்த நாளில்தான் முடிவாகிறது.